ஓட்டை இல்லாத கரை

பழனிசெட்டிபட்டியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அந்த ஊரில் குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஒருத்தர் மாடு பழக்கியதைச் சொல்லிக்கொள்வார், இன்னொருத்தர் கிணறு வெட்டியதைச் சொல்லிக்கொள்வார். நான் லேஸ் பின்னியதைச் சொல்லிக்கொள்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் என் பின்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.

பிறந்த ஊர் போடி. அப்பா ஏலக்காய் வியாபாரி. பொம்பளைப் பிள்ளைக்கும் நாலு எழுத்து தெரியட்டும் என்று என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். எழுத்து எனக்கு அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் தையல் வகுப்பு எடுத்த துரைசாணி, நுனி வளைந்த ஒரு ஊசியையும் ஒரு நூல் கண்டையும் கையில் கொடுத்த அன்றைக்கு எனக்குப் பைத்தியம் பிடித்தது. நூலை ஒரு வளையமாக்கி, அதற்குள் ஊசியை விட்டு அடுத்த வளையத்தை இழுக்க வேண்டும். அதற்குள் விட்டு அதற்கடுத்தது. சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அவிழ்ப்பது இன்னும் வேடிக்கை. கடைசியாகப் போட்ட முனையைப் பிடித்து இழுத்தால் பொலபொலவென்று வந்த வழியே ஓடிவிடும். முதலில் போட்ட முனையை இழுத்தால் அவிழாது, சுருக்குப் போட்டு இறுகிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளின் பின்னலை அவர்களுக்குத் தெரியாமல் அவிழ்த்துவிட்டு எத்தனை தடவை முட்டி போட்டிருக்கிறேன் தெரியுமா!

மலைமேல் எஸ்டேட்டுகளில் இருந்த துரைமார் வீட்டுக் கைக்குழந்தைகளுக்குப் போர்வை தைத்து, ஓரத்தில் லேஸ் வைத்து அனுப்புவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். அதற்கென்றே விசிறிக் கரை என்று ஒரு மாதிரி உண்டு. சின்ன விசிறிகள் வரிசையாக நிற்கும். ஒரு விசிறிக்கும் அடுத்த விசிறிக்கும் நடுவில் பெரிதாக ஒரு வளையம் தொங்கும். துரைசாணி மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவது என் விசிறிக் கரையைத்தான்.

கல்யாணமாகி வந்தபோது சீர் சாமான்களோடு அந்த ஊசியும் ஆறு நூல் கண்டும் என் பெட்டிக்குள் வந்தன. மாமியார் ஊசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா இது, காது குடையுறதா?"

"லேஸ் பின்னுற ஊசி அத்தை. துணிக்குக் கரை வைக்க."

"கரை போட்டுத்தான நெய்யுறாக? அதுக்கு மேல என்னத்துக்கு ஒரு கரை?"

என் மாமியார் பொல்லாதவர் இல்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! நானும் வாயில் குறைந்தவள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தால் தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளனே வயலுக்குக் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வீட்டில் என் லேஸைத் தொட்டுப் பார்த்து மெச்சிய ஒரே ஆள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்காள், எனக்கு மதினி. கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதன்பிறகு ஏழு வருஷம் ஒன்றுமில்லை. கம்பத்து வீட்டில் இரண்டாந்தாரத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் காது வரைக்கும் வந்து சேர்ந்த நேரத்தில்தான் அவர் மறுபடியும் உண்டானார். ஏழாம் மாசமே போய்த் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இந்தப் பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வந்தால்தான் அவருக்கு அந்த வீட்டில் வாழ்வு. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல சத்தம். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே மதினி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, எம் மகளுக்கு ஒன் லேஸ் வச்சு ஒரு போர்வை செஞ்சு குடு. முப்பதுக்குக் கம்பத்துல இருந்து எல்லாரும் வர்றாக. எங்க மாமியா கண்ணு அதுல நிக்கணும்."

எனக்கு இது போதாதா? கால் தரையில் பாவவில்லை.

பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதுவும் தைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பிறந்த பிறகும் புதுத்துணி ஆகாது. ஆயுசோடு இருப்பவர்கள் உடுத்தி நைந்த துணியில்தான் சுற்ற வேண்டும். எண்பதைத் தாண்டியும் தானே மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெரிய மாமனாரின் வேட்டி இரண்டை வாங்கி வந்தேன். நடுவில் மாமியாரின் பழைய சுங்குடிச் சேலையை மடித்து வைத்து, மேலும் கீழும் வேட்டி போட்டு, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டேன். வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது. அப்புறம் ஓரத்தில் லேஸ் ஆரம்பித்தேன். விசிறிக் கரையேதான். வேறு என்ன வைப்பேன்?

மாமியார் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே என் மடியைப் பார்த்தார்.

"இது பிள்ளையப் பொத்தவா, முல்லையாத்துல மீன் பிடிக்கவா? இம்புட்டு ஓட்டை எதுக்குத்தா?"

"ஓட்டை இல்லேன்னா அது லேஸே இல்ல அத்தை. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

முப்பதாம் நாள் கம்பத்திலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைக்குக் கையில் வெள்ளிக் காப்பு, காலில் தண்டை, இடுப்பில் அரைஞாண் எல்லாம் போட்டார்கள். காப்பு என்றால் முழு வட்டம் இல்லை. கைக்குழந்தைக்கு மாட்டிக் கழற்ற வசதியாக ஒரு இடத்தில் வாய் திறந்திருக்கும், அந்த இரண்டு முனையிலும் கடுகை விடக் கொஞ்சம் பெரிசாக ஒவ்வொரு குமிழ் இருக்கும். பிள்ளையை என் போர்வையில் சுற்றி மதினி தன் மாமியார் மடியில் வைத்தார். அந்த அம்மாள் பேத்தியின் முகத்தைப் பார்த்தார், அடுத்த நொடி லேஸைத் தூக்கிப் பார்த்தார்.

"அடி ஆத்தி! இது எந்த ஊர்க் கடையில வாங்குனது?"

"கடையா? என் தம்பி பொண்டாட்டி கையால வச்சது" என்றார் மதினி. அந்தக் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கும் நான் கேட்கிறேன்.

வந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து அந்தக் கரையைத் தடவிப் பார்த்தார்கள். தேனிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வீட்டு அம்மாள் ஒருவர், தன் மகள் பிரசவத்துக்கு இதே மாதிரி ஒன்று வேண்டுமென்று என்னிடம் வந்து கேட்டார். நான் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில், விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு, தொட்டிலில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுதது. பசி என்று மதினி எடுத்தார். குடிக்கவில்லை. வயிற்றுவலி என்று மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தார். துப்பிவிட்டது. அழுகை நிற்கவில்லை. மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். எல்லோரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

"நெடியே வரல பாரு! அம்புட்டும் கண்ணு. நேத்து வந்தவ ஒருத்தி கண்ணு விடாம எல்லாக் கண்ணும் பட்டிருக்கு" என்றார் மாமியார்.

மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணேறுதான் என்பதில் எங்களுக்கு மறுபேச்சே கிடையாது. எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். என் லேஸைப் பார்த்துத்தானே அத்தனை கண்ணும் பட்டது! கண்ணு பட்ட பிள்ளையைக் காற்றுக்குக் காட்டக் கூடாது, வெளி ஆள் பார்வையும் படக்கூடாது. அதனால் மாமியார் பிள்ளையைக் கழுத்துவரை இன்னும் நன்றாகப் பொத்தினார். போர்வை நழுவாமல் ஓரத்தை இழுத்துச் செருகிக் கொடுத்தவள் நான்.

கொஞ்ச நேரம் போனது. பிள்ளை அழுது ஓய்ந்து விம்மியது. மறுபடியும் வீரிட்டது. மதினி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேற அழுகையா இருக்கு புள்ள."

"ஒண்ணுமில்ல மதினி, கண்ணுதான். சரியாப் போயிரும்."

அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை. பிள்ளையை மடியில் கிடத்திப் போர்வையை விலக்கினார். வலது கை மட்டும் போர்வையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு அலறல் கேட்டது; அது மதினியின் தொண்டையிலிருந்து வந்தது என்பதை நம்ப எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

என் லேஸின் வளையம் ஒன்று காப்பின் இரண்டு குமிழுக்கும் நடுவில் நுழைந்து மாட்டியிருந்தது. பிள்ளை கையை உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் அந்த வளையம் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டே போய், கடைசியில் சுண்டுவிரல் அதற்குள் அகப்பட்டுவிட்டது. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கு மேலே விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

மாமியார் அடுப்படிக்கு ஓடி அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு தேனிக்கு டாக்டரைக் கூட்டிவரப் பறந்தார்.

"அத்தை, வெட்டாதீங்க!"

"வெட்டாம? விரல் போகட்டும்ங்கிறியா, வெளங்காதவளே!"

"கண்ட பக்கம் வெட்டுனா சுருக்கு இறுகிரும். நான் அவுக்குறேன். என்னைய விடுங்க."

மாமியார் மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார். ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அதன் கையைச் சிக்கவைத்தவள், இப்போது என்னிடமே கொடு என்கிறாள். மதினி பிள்ளையின் மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

நான் கத்தரியையும் என் லேஸ் ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சதைக்குள் கத்தரி நுழையாது. வெளியே இருக்கிற நூலை ஒரு இடத்தில் வெட்டி, அங்கிருந்து அவிழ்த்துக்கொண்டே விரலுக்கு வந்து சேர வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் வெட்டுவது? நான் பின்னிக்கொண்டு போன திசையில், சிக்கிய வளையத்தைத் தாண்டி வெட்டினால் வந்த வழியே அவிழும். அதற்கு முந்தின பக்கம் வெட்டி இழுத்தேனென்றால் சுருக்கு இறுகி, விரல் அத்தோடு போயிற்று. நான் வலமிருந்து இடமாகப் பின்னுகிறவள். போர்வையின் மேல்பக்கம் எதுவென்று தெரிந்தால் திசை தெரிந்துவிடும். அதுதான் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி. பிள்ளையைச் சுற்றியதில் ஓரமெல்லாம் புரண்டு கிடந்தது. எந்தக் காரியத்திலும் தயங்கித் தெரியாத நான் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன்.

"சீக்கிரம் புள்ள" என்றார் மதினி.

தையல் முடிச்சுகளை எப்போதும் அடிப்பக்கம்தான் போடுவேன். கட்டைவிரலால் ஓரத்தை ஒட்டித் தடவினேன். ஒன்றும் தட்டவில்லை. துணியைப் புரட்டித் தடவினேன். சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. மேல்பக்கத்தைத் திருப்பி வைத்து, சிக்கிய வளையத்துக்கு இடப்பக்கமாக இரண்டு விசிறி தள்ளி நூலை நறுக்கினேன். முனையை ஊசியால் நெம்பி எடுத்து இழுத்தேன். ஒரு விசிறி ஓடியது. அடுத்ததும் ஓடியது. வளையத்துக்கு வந்து நின்றது.

இனி இழுக்கக் கூடாது. வளையத்தின் சங்கிலிக் கண்ணை ஒவ்வொன்றாக ஊசியின் வளைந்த நுனியால் தூக்கி விட வேண்டும். ஒரு கண் விட்டால் ஒரு நூலிழை இளகும். ஒன்று. இரண்டு. மூன்று. காப்பிலிருந்து வளையம் கழன்றது. நாலாவது கண் சதைக்குள் இருந்தது. ஊசி நுனி அந்தப் பிஞ்சுத் தோலில் பட்டபோது பிள்ளை துடித்தது, மதினியின் பிடி இறுகியது. கண் விட்டது. நூல் இளகி வெளியே வந்தது. முறுக்கைத் திருப்பிச் சுற்றி எடுத்தேன்.

விரல் அப்படியேதான் இருந்தது. கருநீலமாக, ஜில்லென்று. மதினி அதை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டே இருந்தார். மாமியார் அருவாமனையைக் கையில் வைத்தபடியே நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரு சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடியிலிருந்து மெதுவாகச் சிவப்பு ஏறியது. நகத்தடியில் கடைசியாக வந்தது. பிள்ளை புது அழுகையாக ஓங்கி அழுதது, பிறகு தானாகவே பாலுக்கு வாயைத் திறந்தது.

டாக்டர் குதிரைவண்டியில் வந்தபோது அது வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார், களிம்பு தடவினார். "விரலுக்கு ஒண்ணுமில்ல. தடம் கொஞ்சம் இருக்கும். யாரு எடுத்தது இந்த நூலை?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்விக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானமே மிச்ச லேஸ் முழுவதையும் அவிழ்த்தேன். ஒரு மாசம் பின்னியது ஒரு நாழிகையில் போயிற்று. மாமியார் ஊசியை என் கையிலிருந்து வாங்கித் தன் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மீன்வலை என்று அன்றைக்கே சொன்னேனே என்றுகூடக் கேட்கவில்லை. அது திட்டை விடக் கொடுமையாக இருந்தது.

அதை விடக் கொடுமை மதினி. என்னோடு பேசினார், சாப்பிட்டியா என்று கேட்டார். ஆனால் பிள்ளையை என் கையில் கொடுக்கவில்லை. குளிக்கப் போக வேண்டுமென்றால், பக்கத்தில் நான் சும்மா நிற்கும்போதே, கொல்லையில் வேலையாக இருந்த மாமியாரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"மதினி, என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருங்க. இப்படி இருக்காதீங்க."

"அறைஞ்சா எம் மக விரல்ல தடம் போயிருமா?"

மாட்டுக்கொட்டத்துக்குப் போய் வைக்கோல் உதறுகிற சாக்கில் அழுதேன். ஒரு வாரம் அழுதேன். அதன்பிறகு எனக்குக் கோபம் வந்தது. முதலில் துரைசாணி மேல் வந்தது, ஆனால் அந்த அம்மாள் என்ன செய்வார்? துரைமார் வீட்டுப் பிள்ளைகள் கையில் காப்பு கிடையாது, காலில் தண்டை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த விசிறிக் கரை சரிதான். நம்மூரில் முப்பதாம் நாளே மேலெல்லாம் குமிழும் கொக்கியுமாக மாட்டிவிடுவோம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. ஓட்டை எதுக்கு என்று மாமியார் கேட்டபோது நின்று யோசித்திருக்க வேண்டியவள், உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். கூறுகெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி முடித்ததும் தெளிந்துவிட்டது. மாதிரிதான் தப்பு, கை தப்பில்லை. ஓட்டை இல்லாத கரை ஒன்றை நான் உண்டாக்கிவிட்டால் போதும்.

அதற்குள் போர்வையும் சீரழிந்துகொண்டிருந்தது. பழந்துணி அல்லவா, கரை இல்லாத ஓரம் ஒவ்வொரு சலவைக்கும் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. தொங்கும் நூலும் ஆபத்துதான். அதை எடுத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, ஊசியக் குடுங்க."

"இன்னும் ஆசை விடலையா ஒனக்கு?"

"நீங்க கேட்டது சரி. ஓட்டை எதுக்குன்னு கேட்டீக. ஓட்டை வேண்டாம். ஒரு ஓட்டைகூட இல்லாம பின்னிக் காட்டுறேன். நீங்களே சோதிச்சுப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுருக்குப்பையை அவிழ்த்து ஊசியை வெளியே எடுத்தார். கூடவே விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியையும் உருவினார்.

"இந்தக் குச்சி எங்கன நுழைஞ்சாலும் ஊசி அடுப்புக்குள்ளதான். சொல்லிட்டேன்."

பழைய துண்டில் சோதனை ஆரம்பமாயிற்று. முதல் தடவை குச்சி பத்து இடத்தில் நுழைந்தது. இரண்டாவது தடவை நான் இறுக்கிப் பிடித்துப் பின்னியதில் துணி பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துபோயிற்று. பிரித்தேன். வளையங்களைக் குட்டை குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, துணியையும் சேர்த்துக் கடித்தபடி போட்டால் நெளியாமல் அடைத்து நிற்கிறது என்று கண்டுபிடித்தேன். மூலையில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று போட்டால் துணி மடங்காமல் திரும்பும். பார்ப்பதற்கு விசிறியும் இல்லை, பூவும் இல்லை. முறுக்கிய கயிறு ஒன்றை ஓரமாக வைத்துத் தைத்தது போல் உருண்டு திரண்டு இருக்கும். எனக்கு அது விசிறிக் கரையை விட அழகாகத் தெரிந்தது. துண்டில் தேறியதும் போர்வையின் ஓரத்தில் அதையே ஆரம்பித்தேன்.

மாமியார் சாயங்காலமானால் குச்சியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அங்குலம் அங்குலமாகக் குத்துவார். வரவர அவருக்கே அதில் ருசி தட்டிவிட்டது.

"இங்கன கொஞ்சம் இளகலா இருக்கு பாரு."

"எங்க? நல்லாத்தான இருக்கு?"

"ஒங் கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பிரி."

பிரித்தேன். அந்த மூலையை மட்டும் நாலு தடவை பிரித்தேன். இதெல்லாம் நடக்கும்போது மதினி தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். ஒருநாளும் என் மடியில் இருந்ததை எட்டிப் பார்க்கவில்லை. கேட்கவுமில்லை.

ஐந்தாம் மாசம் கம்பத்திலிருந்து அழைத்துப் போக வந்தார்கள். வண்டியில் பாத்திரமும் பலகாரமும் ஏற்றியாகிவிட்டது. பிள்ளை குளித்துப் பொட்டு வைத்து, காப்பும் தண்டையுமாகக் கட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வலது சுண்டுவிரலின் அடியில், மோதிரம் போட்டுக் கழற்றியது போல மெல்லிசாக ஒரு வெள்ளைக்கோடு. நான் போர்வையைக் கொண்டுபோய்க் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன்.

மதினி போர்வையை எடுத்தார். ஓரத்தில் தன் சுண்டுவிரலை வைத்து நாலு பக்கமும் அமுக்கிக்கொண்டே போனார். எங்கும் நுழையவில்லை. பிறகு குனிந்து பிள்ளையின் கையிலிருந்து காப்பைக் கழற்றினார். அதன் திறந்த வாயைக் கரையில் வைத்து அழுத்தி இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பி வைத்து இழுத்தார். அப்போதும் வழுக்கியது. மூலைக்கு மூலை, பக்கத்துக்குப் பக்கம் இழுத்துப் பார்த்தார். வாசலில் வண்டிக்காரர் நேரமாகிறது என்று சத்தம் போட்டார். மதினி காதில் வாங்கவில்லை.

நாலு பக்கமும் முடிந்தது. காப்பைப் பிள்ளையின் கையில் திரும்ப மாட்டினார். பிள்ளையை அப்படியே தூக்கி, போர்வையோடு சேர்த்து என் கைக்குள் வைத்தார்.

"நீயே பொத்திக் குடு."

"நானா மதினி?"

"அன்னைக்கு இந்த வீட்டுல எனக்கு அழத்தான் தெரிஞ்சது. எங்க ஆத்தாளுக்கு வெட்டத்தான் தெரிஞ்சது. அவுக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். மனசு வரல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொத்து. வண்டிக்காரன் கத்துறான்."

மடித்து, செருகி, கழுத்துக்குக் கீழே இழுத்துவிட்டுப் பிள்ளையைப் போர்த்தினேன். வலது கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்து விட்டேன்.